ஓரெழுத்து ஒருமொழி

காவேரிப்பட்டணம் தாண்டி, மாம்பழக்கூழ் ஆலையில்
ராத்திரி ஷிப்டு.
பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் நாகவேணி.
பெங்களூராப் பழம் வந்துகொண்டே இருக்கும்.
காம்பைச் சீவி, அழுகலை நறுக்கித் தள்ள வேண்டும்.
பேசக் கூடாது என்று பலகை இருக்கிறது.
பேசினால் கேட்காது என்று மெஷின் இருக்கிறது.
அதனால் கத்துவோம்.

"ஊறுகாய்!"
"வினைத்தொகை!"
"எப்படி?"
"ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய்.
மூணு காலமும் உள்ளே ஒளிஞ்சிருக்கு!"
சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்,
ஏதோ சாப்பாட்டுப் பேச்சென்று போய்விட்டார்.

வினாச்சீட்டு அவளிடம்தான் இருக்கும்.
எழுதியது நான்.
அவள் ஏப்ரன் பையில், பாலித்தீன் உறைக்குள்,
சொனை படாமல்.
முதல் சீசனில் கேள்வியை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
அடுத்த சீசனில் சீட்டைப் பார்க்காமலே
"தப்பு" என்றாள்.
எட்டாவதோடு நின்றவள்.
குரூப் நாலுக்குப் பத்தாவது வேண்டும்.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

"பன்னிரண்டு ஆள் பதினைந்து நாளில் முடிக்கிற வேலை,
ஒன்பது ஆளுக்கு எத்தனை நாள்?"
"இருபது."
"சூப்பர்வைசரைக் கேளு,
அதே பதினைந்துதான்பாரு."

எனக்கு இது ஐந்தாவது முறை.
எழுதுதேர்வு என்பதும் வினைத்தொகைதான்,
எழுதிய, எழுதுகின்ற, எழுதும்.
என்னைப் பெண் பார்க்க வந்த ஓசூர்க்காரர்களிடம்
அப்பா மூன்றையும் ஒரே வார்த்தையில் சொன்னார்:
"எழுதிக்கிட்டிருக்கா."

"ஓரெழுத்து ஒருமொழி. ஈ?"
"கொடு!"
"இன்னொண்ணு?"
இரண்டு கையும் பழத்தில் இருந்ததால்
முகத்தில் உட்கார்ந்ததை
தோளால் தேய்த்து விரட்டிக் காட்டினேன்.
"முழு மார்க்" என்றாள்.

தேர்வு மையம் ஊத்தங்கரை.
ஒன்பதுக்குக் கேட்டை மூடினால் மூடினதுதான்,
ஷிப்டு முடிந்த கையோடு ஐந்தே முக்கால் பஸ்.
உடம்பெல்லாம் மாம்பழ வாசனை.
முன்பெஞ்சுப் பையன் இரண்டு தரம் திரும்பி முகர்ந்தான்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம்.
ஐந்தாவது, ஈ: விடை தெரியவில்லை.
தெரியாததையும் கறுப்பாக்கிக் காட்ட வேண்டும்.
கடைசியில் எண்ணி எழுத வேண்டும்,
ஏ எத்தனை, பி எத்தனை,
கூட்டினால் இருநூறு வர வேண்டும்.
எனக்கு நூற்றித் தொண்ணூற்றொன்பது வந்தது.
மறுபடி எண்ணினேன்.
இருநூற்றி ஒன்று.
மூன்றாவது தரம் சரியாக வந்ததும்
சரியா என்று பார்க்காமலே எழுதினேன்.

பிறகு இடது பெருவிரல்.
அறைக் கண்காணிப்பாளர் மையில் உருட்டி அழுத்தினார்.
ரேகை விழவில்லை. ஒரு நீலப் பொட்டு மட்டும்.
துடைத்து இன்னொரு தரம் அழுத்தினார்.
விரலைத் திருப்பிப் பார்த்தார், சொனை தின்ற தோல்.
"என்னம்மா வேலை பார்க்கிறே?"
"படிக்கிறேன் சார்."

அன்று ராத்திரி டீ இடைவேளையில்
காலி கிரேட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து
நாகவேணி வினாத்தொகுப்பைப் பிரித்தாள்.
என் பேனாவை வாங்கிக்கொண்டாள்.
டீ ஆறியது. ஆடை கட்டியது.
கணக்குப் பக்கத்தில் தரையில் விரலால் எழுதினாள்.
எட்டு கேள்விக்கு மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.
"உனக்கு ஈ எத்தனை?"
"பத்தொன்பது" என்றேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
தொகுப்பை நான்காக மடித்து உறைக்குள் வைத்தாள்,
என்னைக் கேட்காமல்.

சங்கு ஊதியது. பெல்ட் நகர்ந்தது.
முதல் பழம் வருவதற்குள்
சீட்டில் இல்லாத ஒரு கேள்வியைக் கத்தினாள்.
மெஷின் சத்தத்தில் முழுசாக விழவில்லை.
பத்தாவது, தனித்தேர்வு,
பணம் கட்டக் கடைசித் தேதி.

எனக்கு எப்படித் தெரியும்.
"ஈ!" என்று கத்தினேன்.
சிரித்தாள்.
நாளைக்கு விசாரிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்,
பழம் வந்துவிட்டது.