சிறுநாக்கு

விலிமோனியின் படம் வரும்போது
அவன் தீவில் விடிந்து வெயிலேறியிருக்கும்.
எனக்கு இரவு இரண்டு மணி.
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு,
தக்காளிக் கூடை ஏற்றிய லாரி
மேட்டில் கியர் மாற்றும் சத்தம்.

படத்தில் ஒரு கதிர்.
பின்னால் கடல், மங்கலாக, தேவையில்லாமல்.
அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம்.
அந்த நாணயம் எவ்வளவு பெரிதென்று
எனக்கு எப்படித் தெரியும்?

"எங்கள் மேட்டில் இது இருந்ததில்லை.
இப்போது இதுதான் மேடு.
பெயர் சொல்."

ஐதராபாத்தில், மூன்று வாரப் பயிற்சியில்,
ஒரே நுண்ணோக்கிக்கு வரிசையில் நின்றோம்.
விடுதி உப்புமாவை
மரியாதைக்காக மட்டும் தின்றவன் அவன்.

சொன்னேன். படுத்தபடியே, கண்ணாடி போடாமல்:
கொழுக்கட்டைப் புல்.
பாரூர் ஏரிக்கரையில்,
காவேரிப்பட்டினம் போகும் சாலையோரத்தில்,
எங்கள் பண்ணையின் எட்டாம் பாத்தியில்
மழை பொய்த்த வருடமும் கதிர் விடுவது.
எங்கள் ஊர்ப் புல்லுக்கு உன் தீவில் என்ன வேலை
என்று கேட்டு ஒரு சிரிப்பு முகமும் சேர்த்தேன்.
உள்ளே ஒரு திருட்டுப் பெருமை.
ஒன்றுவிட்ட மாமன் மகன்
சிங்கப்பூரில் ஏதோ கேஸில் மாட்டிக்கொண்டான் என்றால்
"சிங்கப்பூரா?" என்று முதலில் கேட்போமே, அது.

காலையில் பண்ணை.
திம்மராயப்பா பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தை
கண்ணை மூடிக்கொண்டு வீசினார்.
அது விழும் சதுரத்துக்குள் எண்ணுவது என் வேலை.
அருகு நாற்பது. மயில்கொண்டை ஆறு.
கோரை மூன்று; தண்டை உருட்டினால் முக்கோணம்,
புல் கணக்கில் வராது.
கொழுக்கட்டை ஒன்று.

அந்த ஒன்றைப் பிடுங்கினேன், ஏனென்று தெரியாமல்.
அடித்தண்டு சின்ன வெங்காயமாய்ப் பருத்திருந்தது.
கதிரை உருவினேன்,
வெறுங்காம்பு வளைந்து வளைந்து போனது.
ஷூ கயிற்றில் கழுத்தில் தொங்கும் லென்ஸில்
முள்மயிர்கள் அடியில் ஒட்டி ஒரு குட்டித் தட்டு.
இதில் எதையும் அந்தப் படத்தில்
நான் பார்த்திருக்கவில்லை.
பார்க்காமலே பெயர் வைத்திருந்தேன்.

சிறுநாக்கைக் காட்டு என்று எழுதினேன்.
இலை தண்டை விட்டு விலகும் மடிப்பில்
புல்லுக்கு ஒரு நாக்கு உண்டு.
சவ்வாக, மயிராக,
சிலவற்றில் ஒன்றுமே இல்லாமலும்.
அனுப்பினான்: மயிர்வரிசை.
என் கையில் இருந்ததற்கும் மயிர்வரிசை.
நாக்கு எதையும் சொல்லவில்லை.

அப்படியென்றால் கதிரை உருவு, காம்பைக் காட்டு,
வேரோரத்தையும்.
அங்கே இரண்டு நாள் மழை.
மூன்றாம் இரவு வந்தது.
காம்பு நெடுகச் சின்னச் சிறகுவிளிம்புகள்.
முள்மயிர்கள் தனித்தனி, பொன்நிறம்.
தட்டு இல்லை. வெங்காயம் இல்லை.
ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய வேறொன்று,
நெட்டையானது,
எனக்கு உறவே இல்லாதது.

மன்னித்துக்கொள், எங்கள் ஊர்ப் புல் அல்ல என்றேன்.
முதல் பெயரை அடித்துவிடு.
மேட்டுக்குத் தீ வைக்காதே,
எரிந்தால் இன்னும் அடர்த்தியாய் வரும்.

பதில் வந்தது:
"படிவத்தில் பேனாவால் எழுதித் தொலைத்துவிட்டேன்.
இளசாக இருந்தால் ஆடு தின்கிறது.
முற்றிவிட்டால்
உப்புமாவை நான் பார்ப்பதுபோல் பார்க்கிறது."

எட்டாம் பாத்தியின் தகரப் பலகையில்
'எங்கிருந்து வந்தது' என்றொரு கட்டம்.
கினியாவுக்கு நிரப்பியிருக்கிறது. நேப்பியருக்கும்.
கொழுக்கட்டைக்கு என்ன எழுதுவது, மேடம்,
என்று திம்மராயப்பா
சாக்பீஸோடு நின்றார்.
இருங்க, நல்லாப் பார்த்துச் சொல்றேன் என்றேன்.
அவர் சிரித்தார்.
தினமும் பார்க்கும் புல்தானே.

நேற்று இரவு இரண்டு மணிக்கு
இன்னொரு படம், இன்னொரு கதிர்.
நாணயத்துக்குப் பதில் ஸ்கேல் வைத்திருந்தான்.
எழுந்து உட்கார்ந்து விளக்கைப் போட்டேன்.
கண்ணாடியைத் தேடினேன்.