முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

நிமிடத்துக்குப் பத்து லிட்டர்.
சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்
இழுக்கிற மூச்சு, ஏறக்குறைய.
நாகலூரில் காப்பிச் செடிகளின் தலைக்கு மேலே
தகர வாலைக் காற்றிடம் கொடுத்துவிட்டு
வருகிற பக்கமே முகம் திருப்பி நிற்கும் எங்கள் பொறி
அவ்வளவுதான் குடிக்கும்.

உள்ளே உருளை. உருளையின்மேல்
வாசலின் பூசிய நாடா.
மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் நகரும்.
திங்கள் காலை ஒன்பதுக்குச் சாவி கொடுத்தால்
அடுத்த திங்கள் ஒன்பதுவரை
மலைக்கு வந்தது போனது எல்லாம் ஒட்டும்.

நேற்றுப் போனால் வாயில் மண்.
குளவி.
நகத்தளவு பிளவைப் பார்த்து
வீடு என்று முடிவு செய்திருக்கிறது.
சடையன் குச்சியால் சுரண்டினார்.
உள்ளே மூன்று சிலந்திகள்,
உயிர் இருந்தது, அசைவு இல்லை.
அவற்றை இலையில் வைத்து நிழலுக்குத் தள்ளினார்.
நான் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால்
பிளவின் உதடுகளைத் துடைத்தேன், காற்றளவு பார்த்தேன்,
குண்டு பத்தில் நின்றது.
புது நாடா. புதுச் சாவி.

பழைய உருளையை டப்பாவில் போட்டு
மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.
"என்ன, கேக்கா?" என்றார் நடத்துநர்.
இருபது வளைவும் டப்பாவைச் சாயவிடவில்லை.
கீழே வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசி வந்ததும்
துப்பட்டாவால் மூடினேன், என் மூக்கை அல்ல.

அஸ்தம்பட்டி. மின்விசிறி நிறுத்திய அறை.
ஒரு நாளுக்கு நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் என்று
பிளேடால் வாரத்தை ஏழாக நறுக்கி
ரோஜா நிறக் கூழில் படுக்கவைத்தேன்.

புதன் பகல், சவுக்குமர மகரந்தம், முக்கோணமாய்.
அய்யோ இல்லை, சில்வர் ஓக். அடித்துத் திருத்தினேன்.
அன்று மாலை நான்குக்குக் கரி:
யாரோ கவாத்துக் குச்சிகளை எரித்திருக்கிறார்கள்.
வெள்ளி, வண்ணத்துப்பூச்சியின் ஒரே ஒரு செதில்.
சனி மதியம் அது வந்தது.
இலைத்துரு.
ஆரஞ்சுச் சுளை போல,
முதுகு முழுக்க முள், வயிறு வழவழ.
இவ்வளவு அழகாக இருக்கத் தேவையில்லை அதற்கு.
சனி ஒரு மணிக்கு நான்கு. இரண்டுக்கு ஒன்பது.
ஞாயிறு பன்னிரண்டுக்கு முப்பத்தொன்று.
ஒன்றுக்கு நாற்பத்து நான்கு.

இரண்டு மணியிலிருந்து கண்ணாடி.
முப்பத்தெட்டு மில்லிமீட்டர் வெறும் வாசலின்.

தோட்டத்து ரொசாரியோ சார் ஃபோனில்,
"அங்கெல்லாம் சுழி போட்டுடுங்களேன், சராசரி இறங்கும்.
மயில்துத்தம் விக்கிற விலைக்கு
ஒரு சுற்றுத் தெளிப்பு மிச்சமாகும்."
சுழி போட்டால் கணினியும் வாங்கிக்கொள்ளும்.
கோடு போட்டால்தான் சிவந்து கத்தும்.

திறந்த வாய்க்குள் ஒன்றும் வராவிட்டால் சுழி.
இது மூடிய வாய் சார்.
பத்தொன்பது கட்டத்திலும் கோடு இழுத்தேன்.
பத்தொன்பது முறை கத்தியது.

அந்த ஞாயிறு இரவு
தோட்ட விடுதியில் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கியவள் நான்.
நிமிடத்துக்குப் பத்து லிட்டர்
நானும்தான் இழுத்தேன்.
என்னை எந்த பிளேடால் நறுக்குவது?

சாயங்காலம் சடையன் கூப்பிட்டார்.
"அது மறுபடி ஒரு உருண்டை வச்சிருக்குங்க.
எடுத்துரட்டுமா?"
எடுங்க.
எடுக்கும்போது மணி எத்தனைன்னு
எழுதி வைங்க.