மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம்

கிரிம்ஸ்பி. பிப்ரவரி.
அவசரப் பிரிவின் திரையில்
வில்ஃப் ஹார்கிரேவின் பெயர் மஞ்சளாகிறது.
இன்னும் நான்கு நிமிடத்தில் சிவந்துவிடும்;
சிவந்தால் காலையில் நான்
விளக்கக் கடிதம் எழுத வேண்டும்.

வந்தவர் எவரானாலும் நான்கு மணிக்குள்
பார்த்தோ, சேர்த்தோ, அனுப்பியோ
முடித்திருக்க வேண்டும் என்பது ஆணை.
டெர்வ்லா தள்ளுவண்டியின் பிரேக்கை விடுகிறாள்.
இரட்டைக் கதவைத் தாண்டிப் பதினோரு அடி.
போன மாதம்வரை அது
அழுக்குத்துணி மூட்டை கிடந்த நடைவழி;
இப்போது பலகையில் ‘கண்காணிப்புக் கூடம்’.
ஒரு பொத்தானை அழுத்துகிறேன்.
பச்சை.

மூச்சிரைப்பு அப்படியே இருக்கிறது.
எக்ஸ்ரே எடுக்க ஆளில்லை.
ஒரு காலில் மட்டும் செருப்பு,
மற்றது கதவுக்கு அந்தப் பக்கம் எங்கோ.

“டாக்டர் என்னைப் பார்த்தாச்சா?”
“கணக்குல பார்த்தாச்சு.”
சிரிக்க வந்தவரை இருமல் முந்திக்கொண்டது.
நாற்பது வருடம்
மீன் ஏலத்தில் தராசு பிடித்தவராம்.
“நாங்களும் ஐஸோட சேர்த்துத்தான் நிறுப்போம், கண்ணு.
வாங்குறவனுக்கும் தெரியும்.
வீட்டுக்குப் போய்ப் பிரிச்சா
பாதி தண்ணி.”

தொண்ணூற்றைந்து சதவீதம்.
அமைச்சகத்தின் பாராட்டு மின்னஞ்சல்
ஆறரைக்கு வந்திருக்கிறது.
அப்போது நான் குனிந்து
நாற்காலிகளுக்கு அடியில்
அந்தச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.