குலுக்கினால் சத்தம் வரவேண்டும்

ஏப்ரல். வயோமிங்கில் அதுவும் பனிக்கு இன்னொரு பெயர்தான்.
கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து
பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தேன்.
எண்பத்தாறாம் வருடத்து ஃபோர்டு பிக்கப்,
ஆறு சிலிண்டர், இரண்டு நிறம்,
மூன்றாவது நிறம் துரு.

இரண்டு வருடமாக எண்ணெய் குடிக்கிறது.
ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஒரு குட்டை.
எண்ணெய் அளக்கும் கம்பி
குழாயிலிருந்து தானாகவே ஓர் அங்குலம் எழும்பி நிற்கும்,
வகுப்பில் பதில் தெரிந்த பையன் மாதிரி.
நான்தான் கேட்கவில்லை.

எஞ்ஜின் போச்சு என்று நானே தீர்ப்பு எழுதினேன்.
குற்றவாளியும் கைவசம் இருந்தார்:
ஓர்வில் ஸ்டென்ஸ்லண்ட், ஓடைக்கு அந்தப் பக்கம்,
புல்கட்டு ஏற்ற மூன்று நாள் வண்டி வாங்கிப் போனவர்.
தீவனக் கடையில், நாலு பேர் நடுவில்,
"கொன்னுட்டீங்க என் வண்டியை" என்றேன்.
தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார்.
"அப்படியா, மைட்டே" என்றார்.
மறுவாரம் என் தபால் பெட்டியில்
ஒரு காபிப் பொடி டப்பா, உள்ளே சுருட்டிய இருநூறு டாலர்.
சீட்டு ஏதும் இல்லை.
வாங்கி வைத்துக்கொண்டேன்.
ஆடுகளுக்கு உப்புக்கட்டி வாங்கினேன் அதில்.

வால்வு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்.
கட்டைவிரல் நீளம்.
பிஸ்டனைத் தாண்டிக் கசிந்த புகையை
எஞ்ஜினின் வயிற்றிலிருந்து எடுத்து
மறுபடி எரிய அதன் வாய்க்கே அனுப்பும்.
வெளியே துப்பாதே, உள்ளேயும் வைத்துக்கொள்ளாதே,
எரித்துவிடு.
நல்ல வால்வென்றால், குலுக்கும்போது
கிலுகிலுப்பை போலப் பேசும்.

ஹோஸைத் திருகி இழுத்தேன். பிடுங்கினேன்.
காதருகே வைத்துக் குலுக்கினேன்.
ஒன்றுமில்லை.
உள்ளே கருப்புப் பிசின்.
மிட்டாய் ஒட்டிக்கொண்ட பிள்ளைபோல
வாயே திறக்கவில்லை.

அது உட்கார்ந்திருந்த ரப்பர் வளையம்
இத்தனை வருடச் சூட்டில் பிஸ்கட்டாகியிருந்தது.
தொட்டேன், உடைந்தது.
மூன்று துண்டு கைக்கு வந்தது.
நாலாவது
எஞ்ஜின் மூடிக்குள் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

காந்தம் ரப்பரைச் சீண்டாது.
குட்டி ஈனும் கொட்டகையிலிருந்து
நீளக் கிடுக்கியைக் கொண்டுவந்தேன்.
பல்லிடுக்கில் டார்ச்.
நேற்றிரவு தலை திரும்பிய குட்டியின்
காலைத் தேடித் துழாவிய அதே கை,
அதே குனிவு,
பாஸ்க் மொழியில் எனக்குத் தெரிந்த அதே ஒரே கெட்ட வார்த்தை.
நாற்பது நிமிடம்.
ராக்கருக்கு அடியிலிருந்து
ஈரமாய், கருப்பாய் வந்தது.
தாய் ஆட்டுக்குக் காட்டுவதுபோல
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
பக்கத்தில் யாரும் இல்லை.

புது வளையம், புது வால்வு,
இரண்டும் சேர்த்து ஏழு டாலர் நாற்பது சென்ட்.
ஹோஸில் மட்டும் வால்வை மாட்டி
சாவியைத் திருப்பி
அதன் வாயில் விரல் வைத்தேன்.
இழுத்தது.
புட்டிப்பால் குட்டி விரலைச் சப்புமே, அப்படி.
மூடியில் செருகினேன்.
வண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானத்துக்கு வந்தது.
அமுக்கிய கம்பி அமுங்கியே இருந்தது.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.
பழி ஓடைக்கு அந்தப் பக்கம்,
பாவம் இந்தப் பக்கம்.
இருநூறில் ஏழு நாற்பதைக் கழிக்கப் போனேன், வெட்கமில்லாமல்.
அதுவும் அவர் கணக்கில்லையே.

காபி டப்பாவைக் கழுவித் துடைத்து
பணத்தைச் சுருட்டி வைத்தேன்.
கடிதம் எழுத உட்கார்ந்து நாலு முறை கிழித்தேன்.
கடைசியில் செத்த வால்வையும் உள்ளே போட்டு
மூடிக் குலுக்கிப் பார்த்தேன்.
இப்போது சத்தம் போடுகிறது.

ஓடைப் பாலம் வரை இரண்டாவது கியர்.
அவர் வாசல் விளக்கு எரிகிறது.
நாய் வந்து டயரை மோந்துவிட்டுப் போயிற்று.
டப்பா மடியில்.
எஞ்ஜினை அணைத்தால்
நான் பேசியாக வேண்டும்.