தொடர்ச்சி பார்ப்பவள்

என் வேலைக்குப் பெயர் தொடர்ச்சி.
முன் ஷாட்டில் காப்பி பாதிக் கோப்பை என்றால்
பின் ஷாட்டிலும் பாதிதான்.
சிகரெட்டின் நீளம், காலர் மடிப்பு,
எந்தக் கண்ணில் முதலில் நீர் வந்தது,
எல்லாம் என் நோட்டில் இருக்கும்.
எஸ்பியர்க் ஊரில் அதனாலேயே
என்னோடு சீட்டாட யாரும் வருவதில்லை.

இப்போது எல்லோரும் கேட்பது வேறு தொடர்ச்சி.
"ரிக்மோர், இரண்டாம் பாகம் எப்படி?
முதல் படத்துக்கு ஈடாகுமா?"
மீன்கடைக்காரன் கேட்கிறான்,
கத்தியை நிறுத்தாமல்.

முதல் படத்தில்
தோர்கில் ராவ்னிடம் யாரும் சொல்லவில்லை.
முப்பது வருஷம் மேடையில்
மன்னர்களாகச் செத்துப் பழகியவர்.
நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன் என்றார்கள்,
துயரக் கதை என்றார்கள்,
நம்பினார்.
ஓய்வுபெற்ற மாலுமி ஒருவரைத் தேடிப்போய்
சல்யூட் கற்றுக்கொண்டு வந்தார், சொந்தச் செலவில்.
பெரிஸ்கோப்பில் கண் வைத்து
"இவ்வளவு பெரியதை நான் கண்டதில்லை.
பையன்களா, அம்மாவுக்கு எழுதிவிடுங்கள்"
என்றபோது குரல் உடைந்தது.
விளக்குப் பிடித்த பையன் நிஜமாகவே அழுதான்.

பெரிஸ்கோப்பில் தெரிந்ததை
அவர் வீட்டுக்குப் போன பிறகு எடுத்தோம்.
நகராட்சி நீச்சல் குளம்.
மஞ்சள் ரப்பர் வாத்து.
ஒன்றே ஒன்று.

அன்று அரங்கம் குலுங்கியது.
பக்கத்து இருக்கைப் பெண்மணி
பல்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.
நோட்டில் கோடு போட்டு எண்ணினேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு.
தோர்கில் பாதியில் எழுந்து போய்
கோட்டு மாட்டும் அறையில் நின்றிருந்தார்,
கையில் யாருடையதோ ஒரு குடை.

ஒரு மாசம் எங்களோடு பேசவில்லை.
அப்புறம் தெருப் பிள்ளைகள் அவரைக் கண்டால்
சல்யூட் வைக்கத் தொடங்கின.
அவரும் திருப்பி வைத்தார்,
மாலுமி கற்றுக்கொடுத்தபடி, பிசகாமல்.

பதினோரு வருஷம் கழித்து, இரண்டாம் பாகம்.
இப்போது அவருக்குத் தெரியும்.
வேறொன்றும் கோளாறில்லை, அவ்வளவுதான்.
காசு வந்தது, ஹெலிகாப்டர் வந்தது,
வாத்து நாற்பது.
பெரிஸ்கோப்பிலிருந்து தலை நிமிர்த்தி
நம்மைப் பார்த்து ஒரு புருவத்தை ஏற்றுவார்.
அந்தப் புருவம்!
"போன படத்தில் இது அசையவில்லை,
தொடர்ச்சிப் பிழை" என்றேன்.
இயக்குநன் மாஸ் சிரித்தான்,
"புருவத்துக்கெல்லாமா, ரிக்மோர்?"
புருவத்துக்குத்தான் மாஸ்.
கேலி என்றே தெரியாதவன் முகத்தில்
கேலி குடியிருக்கும்.
தெரிந்தவன் முகத்தில்
செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டுப் போய்விடும்.

நேற்று முதல் காட்சி.
முப்பத்தொன்று.
அதில் ஒன்பது, காசு போட்டவர்களின் வரிசை.
இரண்டு என்னுடையவை,
மரியாதைக்கு.

வண்டி நிறுத்துமிடத்தில் மேற்குக் காற்று
ஆளைத் தூக்கிற்று.
தோர்கில் என் கார்க் கதவைப் பிடித்தபடி கேட்டார்:
"மறைக்காமல் சொல். நான் சரியாகச் செய்யவில்லையா?"
"ரொம்ப நன்றாக நடித்தீர்கள்" என்றேன்.
புரிந்துகொண்டார். மெல்லத் தலையாட்டினார்.
பிறகு கடல் பக்கம் திரும்பி,
முழுக் கப்பற்படையும் காத்திருப்பதுபோல்,
"நாளை மூடுபனி" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன்,
கோட்டுப் பொத்தான்கள் மேலிருந்து கீழ்வரை
ஒவ்வொரு துளை தள்ளிப் போட்டிருந்தார்.
ஒரு பக்கம் காதைத் தொட்டது காலர்.
அந்தக் கோலத்தில், அத்தனை கம்பீரமாக,
தன் சிறிய காரை நோக்கி நடந்தார்.
கதவை மூடிக்கொண்டு சிரித்தேன்,
கண்ணாடி ஆவி படியும்வரை.

பழக்கதோஷம், நோட்டைத் திறந்து எழுதினேன்:
பொத்தான், ஒன்று தள்ளி.
திருத்த வேண்டாம்.