மூன்று மணி என்று சொன்ன பிரதி

உபியில் ஏழாவது மாடி. ஏசி குளிர் அதிகம்.
வெள்ளைப் பலகையில் இரண்டு கட்டம் போட்டேன்.
இரவிலேயே எல்லாப் பக்கங்களையும் சுட்டு
அடுக்கி வைத்துவிடுவது ஒன்று.
ஆள் வந்து கேட்டபின்
அடுப்பை மூட்டுவது இன்னொன்று.

"பரோட்டாக் கடை மாதிரியா?" என்றார் சந்தியாகு.
ஆமாம் என்றேன். மேற்கொண்டு விளக்கச் சோம்பல்.
அவர் தொழில் பரோட்டா அல்ல,
இறந்தவர்களின் அறிவிப்பு:
பெயர், படம், வயது, எந்த புளோக்கின் கீழ்த்தளம்,
மண்டாய்க்கு வண்டி புறப்படும் நேரம்.

விடியற்காலை மூன்றுக்கு யாரும் கேட்பதில்லை.
ஏழரைக்கு, ரயிலில் கம்பியைப் பிடித்தபடி
ஒரே முகத்தை நானூறு பேர் கேட்பார்கள்.
நானூறு தடவை ஒரு மனிதரை
முதலிலிருந்து கூட்டிச் சேர்ப்பானேன்?
கிடங்கில் ஒரு மூலையிலிருந்து பெயரை,
இன்னொரு மூலையிலிருந்து படத்தை,
மகள்கள் மருமகன்கள் பேரப்பிள்ளைகள் வரிசையை...
சர்வர் மூச்சிரைக்கும். பில் ஏறும்.
"சுட்டே வைப்போம்" என்றேன்.
பிரதிகளை ஜூரோங்கில், ஜொகூரில், சென்னையில்
ஒவ்வொன்றாக நிறுத்துவோம்.
யார் எங்கிருந்து கேட்டாலும்
பக்கத்து வீட்டிலிருந்து எட்டிக் கொடுத்ததுபோல் கைக்கு வரும்.
ஒரு பிரதியின் ஆயுள் ஆறு மணி நேரம்.

ஆயுள் என்ற சொல்லை நான்தான் சொன்னேன்.
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
நூருல்ஹுதா குறித்துக்கொண்டாள்: ஆறு.

ஒன்பது வாரம் நன்றாக ஓடியது.

பத்தாவது வாரம், புதன்.
ஈசூனில் ஒரு புளோக்கின் கீழே படுத்திருந்தவருக்கு
மூன்று மணி என்றிருந்தது, ஒன்றரை ஆயிற்று.
மகன் பதினொன்றுக்கே திருத்திவிட்டார்.
கிடங்கில் ஒன்றரை.
ஜொகூர்ப் பிரதியில் மூன்று.

மாசாயிலிருந்து தம்பி, பாலத்து நெரிசலுக்குப் பயந்து
முன்கூட்டியே கிளம்பியவர்,
இரண்டு பத்துக்கு வந்து சேர்ந்தார்.
கூப்பிட்டுப் பார்த்தார்களாம்.
அவர் சுங்கச்சாவடியில் சிம் மாற்றிக்கொண்டிருந்தாராம்.
வெள்ளைத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
பிளாஸ்டிக் நாற்காலிகள் பத்துப் பத்தாக
லாரியில் ஏறியிருந்தன.

மறுநாள் சந்தியாகுவோடு அலுவலகத்துக்கே வந்தார்.
திட்டுவார் என்று நினைத்து, முதலில் தண்ணீர் வைத்தேன்.
குடிக்கவில்லை.
போனை மேசைமேல் வைத்து என் பக்கம் திருப்பினார்.
"இதுல மூணுன்னுதானே போட்டிருக்கு?"
நான் தப்பாகப் படித்துவிடவில்லையே
என்று கேட்கிற குரல்.
"ஆமாங்க. மூணுதான்."

அன்றிரவு பக்கத்தை இரண்டாக உடைத்தேன்.
முகம் மாறாது. பெயர் மாறாது.
பிறந்த வருடத்தில் இனி யாரும் கைவைக்க முடியாது.
அதையெல்லாம் சுட்டு அடுக்கு.
நேரம் என்கிற ஒற்றை வரியை மட்டும்
கேட்கிற ஒவ்வொருவருக்கும்
கிடங்குவரை நடந்துபோய் எடுத்து வந்து கொடு.
அந்த வரிக்காகப் பக்கம் கால் நொடி தயங்கும்.
தயங்கட்டும்.

பிறகு பழைய பிரதிகளைத் துடைத்தேன்.
சென்னை முடிந்தது. ஜூரோங் முடிந்தது.
ஜொகூர், இரண்டாம் முறை அழுத்தியபின், முடிந்தது.

ஒன்று மட்டும் என் கைக்கு எட்டாது.
மாசாயில் ஒருவரின் சட்டைப் பையில்
மூடாமல் கிடக்கும் பக்கம்.
அதில் அண்ணன் இன்னும் புறப்படவில்லை.
மூன்றாக
இன்னும் நேரமிருக்கிறது.