பதினோராவது நிமிடம்

பயிற்சி மூன்று நாள்.
ஆசிரியர் அறையில் ஒன்பது பேர், ஒரே ஒரு ஹீட்டர்.
"பயப்படாதீங்க, எந்தப் பொத்தானை அழுத்தினாலும்
எதுவும் வெடிக்காது" என்றான் குத்தாயிசியிலிருந்து வந்த பாத்ரி.
நான் வேதியியல் ஆசிரியை.
வெடிக்காது என்று யார் சொன்னாலும்
இரண்டடி தள்ளி நிற்பது என் வழக்கம்.

கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்தாவது வேண்டுமாம்.
எங்கள் ஜார்ஜிய எழுத்தில் பெரியது சிறியது கிடையாது,
வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் ஒரே மரியாதை.
அந்நிய எழுத்தொன்றைக் கடன் வாங்கினேன்.
கூடவே மாங்கனீசு, இருபத்தைந்து.
சியாத்துராவில் இதை யாரும் ஊகித்துவிடுவார்கள்,
இந்த ஊரின் ஆறே ஒரு காலத்தில்
அதே கறுப்பில்தான் ஓடியது.

கடைசி நாள் வீட்டுப்பாடம்:
ஒரு வகுப்பை முழுதாகப் படம்பிடித்து
வேண்டாததை வெட்டி
மேலே ஏற்ற வேண்டும்.

இரண்டு குடுவைகளுக்கு நடுவே கைபேசியைச் சாய்த்து வைத்தேன்.
பர்மாங்கனேட் பாடம். ஊதா நன்றாக விழும்.

இரவு அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தேன்.
முதலில் குரல்.
இதையா இத்தனை வருடம் கேட்டார்கள், பாவம்.
பிறகு "சரியா?"
முப்பத்தொரு தடவை கேட்டிருக்கிறேன்,
ஒரு தடவைகூடப் பதிலுக்கு நிற்கவில்லை.

பிறகுதான் அது.

நாற்பது நிமிடத்தில் ஒரு முறையும்
ஜன்னல் பக்க வரிசைக்கு
என் முகம் திரும்பவில்லை.

தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் கண்ணாடி இல்லை.
மின்சாரமும் இல்லை. கோட்டும் தொப்பியுமாகப் பிள்ளைகள்
வலப்புறத்து விறகடுப்பை ஒட்டி நெருங்கியிருப்பார்கள்.
பனி வந்து உட்காரும் வெறும் பெஞ்சுகளை
எதற்குப் பார்ப்பது?
பிறகு அடுப்பு போனது. கண்ணாடி வந்தது.
பெஞ்சுகள் நிறைந்தன.
என் கழுத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

பதினோராவது நிமிடம்.
மூன்றாம் பெஞ்சில் மிண்டியா கை தூக்குகிறான்.
அவனுக்குப் பின்னால் கம்பியில் தொங்கியபடி
ஒரு மஞ்சள் பெட்டி பள்ளத்தாக்கைக் கடக்கிறது.
கை நிற்கிறது.
இன்னொரு பெட்டி எதிர்த்திசையில்.
கை நிற்கிறது.
நான் "சரியா?" என்கிறேன்.
பதினான்காம் நிமிடத்தில் அந்தக் கை
தலைமுடியைக் கோதத்தான் எழுந்ததுபோல்
மெல்லக் கீழே இறங்குகிறது.

திரையின் இடப்பக்கம் இரண்டு தட்டு தட்டினால்
பத்து விநாடி பின்னால் போகும், பாத்ரி சொல்லிக்கொடுத்தது.
தட்டினேன். எழுந்தது.
தட்டினேன். எழுந்தது.
எத்தனை முறை தட்டினாலும்
நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கத்தரிக்கோல் படம் போட்ட பொத்தானும் எனக்குத் தெரியும்.
பதினொன்றிலிருந்து பதினான்கு வரை இழுத்தேன்.
வெட்டினேன்.
ஆமாம், வெட்டினேன்.
மீதி முப்பத்தேழு நிமிடத்தை
விடியும்வரை சுழன்ற வட்டத்தோடு மேலே ஏற்றினேன்.
வெட்டிய மூன்று நிமிடத்தை அழிக்கவில்லை.

மறுநாள் நேராக மூன்றாம் பெஞ்சுக்குப் போனேன்.
மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது,
நான் வழி தவறிவிட்டதுபோல.

"நேத்து என்ன கேட்க வந்த?"

ஆக்சிஜனேற்றம் பற்றி என்றால்
பதில் தயாராக இருந்தது, படம் போட்டே வைத்திருந்தேன்.
மிண்டியா யோசித்தான்.
"ஒண்ணுமில்ல டீச்சர். இந்த ஜன்னல் சரியா மூடாது.
குளிருது. இடம் மாறி உட்காரலாமான்னு."

சட்டத்தின் ஓரத்தில் கை வைத்தேன்.
இருந்தது, அதே காற்று.
அந்த வருடங்களின் காற்று, ஒரு விரல் அகலத்துக்கு.

வெள்ளிக்கிழமை பாத்ரியின் மதிப்பீடு வந்தது:
ஒளி நன்று. ஒலி தெளிவு.
எல்லா மாணவர்களின் பங்கேற்பும் சிறப்பு.
கூடவே முத்திரையுடன் ஒரு சான்றிதழ்,
அச்சிட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளவாம்.

அச்சிட்டேன்.
நல்ல கெட்டித் தாள்.
நான்காக மடித்தால்
இடுக்கில் கச்சிதமாகப் பொருந்துகிறது.